இன்சுலின் அளவை டாக்டருக்குப் பதில் ஒரு கருவி சொன்னால் நம்பலாமா?

"அப்பாவுக்கு இரண்டு வருடமாக இன்சுலின் போகிறது, சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது, ஊசி அளவைத் தானே கணக்குப் போட்டுச் சொல்லும் கருவியை அமெரிக்காவில் ஒரு சர்க்கரை டாக்டரே உருவாக்கியிருக்கிறாராமே, அது உண்மையா, நம்பலாமா?" என்பது கேள்வி.

உண்மைதான். அந்த டாக்டர் இஸ்ரேல் ஹோடிஷ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்மோன் மருத்துவர். கருவியின் பெயர் டி-நாவ். நம்பலாமா என்றால், எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று தெரிந்துகொண்டு நம்பலாம் என்பேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அம்மாவுக்குப் பதினொரு வருடமாக இன்சுலின் போட்டுவிடுகிறேன், இதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அம்மா இந்தக் கருவியைப் பயன்படுத்தவில்லை. இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு ராத்திரிதான் காரணம்.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் நான்கைப் பிடுங்கியிருந்தார்கள். மெல்ல முடியாமல் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது, நான்கு இட்லி சாப்பிடுகிறவர் ஒன்றரை இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து முடித்துக்கொள்வார். ஊசி அளவு மட்டும் அப்படியே இருந்தது, காலையில் 24, ராத்திரி 18, ஏனென்றால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இன்னும் ஆறு வாரம் இருந்தது, சீட்டில் எழுதியதை மாற்ற நாம் யார் என்று இருந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் விடிகாலை மூன்றரை மணிக்கு "என்னமோ பண்ணுதுடி" என்று எழுப்பினார். நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது, நெற்றி ஜில்லென்று இருந்தது, விரலில் குத்தி ரத்தம் எடுக்க விடாமல் கை உதறியது. மீட்டரில் 48. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 71, மறுபடி கொடுத்த பிறகு 104. விடியும் வரை அம்மா கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் டாக்டரைப் பார்த்தபோது ராத்திரி ஊசியில் 4 யூனிட் குறைத்து எழுதினார். நான் நாள் தவறாமல் சர்க்கரை அளவு எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, வெளியே இன்னும் நாற்பது பேர் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஹோடிஷ் கை வைத்தது இந்த இடத்தில்தான். அவருடைய வாதத்தை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பிரஷர் மாத்திரை என்றால் ஒரு தடவை அளவு சரியாக அமைந்துவிட்டால் வருடக்கணக்கில் அதே மாத்திரை ஓடும். இன்சுலின் அப்படி ஓடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 யூனிட் போதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு 120 வேண்டியிருக்கும், அதைவிட முக்கியம், அதே ஆளுக்கே தேவை ஏறும், இறங்கும். எடை கூடினால், காய்ச்சல் வந்தால், மூட்டு வலிக்கோ இளைப்புக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் ஏறும். சாப்பாடு குறைந்தால், சிறுநீரகம் தளர்ந்தால் இறங்கும். சில சமயம் வெளியே எந்தக் காரணமும் தெரியாமல் சில வாரங்களுக்கு இறங்கியே இருந்துவிட்டு மறுபடி ஏறும். இப்படி ஆடிக்கொண்டே இருக்கிற ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் அன்று காலை எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்துச் சரிசெய்தால் எப்படிச் சரியாகும்? அளவை எப்படி மாற்றுவது என்பது டாக்டர்களுக்குத் தெரியும். வாராவாரம் ஒவ்வொரு நோயாளிக்கும் உட்கார்ந்து அதைச் செய்ய எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் ஆள் கிடையாது. அதனால்தான் இன்சுலின் போட்டும் நிறையப் பேருக்குச் சர்க்கரை கட்டுக்கு வருவதில்லை, "எனக்கு இன்சுலின் கேட்கவில்லை" என்று நொந்துகொள்கிறார்கள்.

அதனால் எரான் பஷான் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஹைஜியா என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, டாக்டர் வாராவாரம் செய்யவேண்டிய அந்தக் கணக்கை மட்டும் எடுத்து ஒரு கையடக்கக் கருவிக்குள் வைத்தார். பார்க்க வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் மாதிரிதான். எந்த இன்சுலின், எத்தனை வேளை, ஆரம்ப அளவு என்ன என்பதை டாக்டர் முதலில் அதில் பதித்துக் கொடுத்துவிடுவார். அப்புறம் நோயாளி ஊசி போடுவதற்கு முன் சர்க்கரையைப் பார்க்கவேண்டும், கருவி இந்த வேளைக்கு இத்தனை யூனிட் என்று காட்டும். உள்ளே அது எல்லா அளவையும் நேரத்தோடு சேமித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒருமுறை போல, சர்க்கரை தாழ்ந்தால் அதற்கும் முன்பே, ஊசி அளவைத் திருத்திக்கொள்ளும். பின்னால் இதே வேலை செல்போன் செயலியாகவும் வந்துவிட்டது.

என்ன கணக்கு அது என்று கேட்டால், அடிப்படை ரொம்ப எளிமைதான், இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் நோட்டு எனக்கே புரிந்தது. காலை வெறும் வயிற்றில் பார்க்கிற சர்க்கரை, முந்தின ராத்திரி போட்ட நீண்ட நேர இன்சுலின் சரியா என்று சொல்லும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பார்க்கிற அளவு காலைச் சாப்பாட்டுக்குப் போட்ட ஊசியைப் பற்றிச் சொல்லும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் பார்ப்பது மத்தியான ஊசியைப் பற்றி, படுக்கும்முன் பார்ப்பது ராத்திரிச் சாப்பாட்டு ஊசியைப் பற்றி. இப்போது ஏறியிருக்கிறதே என்று இப்போது போடுகிற ஊசியைக் கூட்டிக்கொண்டே போகிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு, நானும் செய்திருக்கிறேன், தப்பு முந்தின ஊசியில் இருக்கும். அதோடு ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது. கல்யாண வீட்டுப் பாயசம் சாப்பிட்ட மறுநாள் 230 இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை, ஆறேழு நாள் தொடர்ந்து அதே நேரத்தில் ஏறியிருந்தால் அர்த்தம் உண்டு. இறங்குவதற்கு மட்டும் இந்தப் பொறுமை கிடையாது. ஒரு தடவை 60 வந்தாலே அது எந்த ஊசியால் வந்தது என்று பார்த்து உடனே குறைக்கவேண்டும். ஏற்றுவதில் நிதானம், குறைப்பதில் அவசரம்.

இதைப் படித்தபோது அந்த ஒன்பது நாள்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் நோட்டில் நாலாம் நாளிலிருந்தே காலை அளவு 92, 84, 79, 70 என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. என் கையெழுத்துதான். வெறும் வயிற்றில் நன்றாகக் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறேன்.

சரி, வேலை செய்ததா? 2019-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. கருவியை உருவாக்கியவருக்கு அந்த நிறுவனத்தில் பங்கு இருக்கிறது, ஹோடிஷும் பஷானும் கட்டுரையை எழுதியவர்களில் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும், ஆனால் ஆய்வை நடத்தியது மினியாபோலிஸில் இருக்கும் ரிச்சர்ட் பெர்கன்ஸ்டால் என்ற சர்க்கரை மருத்துவர் தலைமையில், அமெரிக்காவில் 3 மையங்களில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற 181 பேர். 93 பேருக்கு டி-நாவும் மருத்துவக் கவனிப்பும், 88 பேருக்குக் கவனிப்பு மட்டும். இதில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கத்தையும் 6 மாதத்தில் ஒரே மாதிரி 7 தடவை தொடர்பு கொண்டார்கள், 3 தடவை நேரில், 4 தடவை போனில். அதாவது கருவி வைத்திருந்தவர்களைக் கூடுதலாக விசாரித்ததால் குறைந்தது என்று சொல்ல வழியில்லை. ஆரம்பத்தில் மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, சதவீதத்தில் வரும்) இரண்டு பக்கமும் எட்டரையை ஒட்டி இருந்தது. முடிவில் டி-நாவ் பக்கம் 1.0 குறைந்தது, மற்றப் பக்கம் 0.3. எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளிக்கும் பதறுகிற குடும்பங்களுக்கு 1 எவ்வளவு பெரியது என்று தெரியும். 54-க்குக் கீழே போகிற தாழ்சர்க்கரை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், கருவியால் அது கூடவில்லை. அதே 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பே வட அயர்லாந்தில் அரசு மருத்துவச் சேவையில் நோயாளிகள் பயன்படுத்தி வந்தார்கள்.

இதே ஆசையோடு இன்னொரு மருத்துவரும் உழைத்திருக்கிறார், இஸ்ரேலில் பெதா திக்வா நகரத்தின் ஷ்னைடர் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மோஷே ஃபிலிப். அவர் உருவாக்கியது முதல் வகை சர்க்கரை நோய் (உடலே இன்சுலின் சுரக்காமல் போவது) உள்ள பிள்ளைகளுக்கு, உடம்பில் மாட்டிய பம்பில் ஓடும் இன்சுலினை எப்படித் திருத்துவது என்று சொல்லும் மென்பொருள். 10 முதல் 21 வயது வரை உள்ள 108 பேரிடம் பார்த்ததில், அனுபவமுள்ள சிறப்பு மருத்துவர்கள் திருத்தியதற்கு அது குறைவாக இல்லை என்று 2020-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது, ஆனால் நல்ல டாக்டர் போடும் கணக்கை மென்பொருளும் போடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அடிக்கடி திருத்தினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பது இவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்ததுதான். 1993-ல் முடிவு வெளியான டிசிசிடி என்ற பெரிய ஆய்வில், முதல் வகை நோயாளிகள் 1,441 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் தங்கள் மருத்துவக் குழுவை மாதாமாதம் நேரில் பார்த்து, இடையில் போனிலும் அளவைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள், அவர்களுடைய சராசரி 7-ஐ ஒட்டியே வருடக்கணக்கில் நின்றது, கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் வருகிற பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆய்வு முடிந்து எல்லாரும் வழக்கமான கவனிப்புக்குத் திரும்பினார்கள். இவர்களுடைய சராசரி மெல்ல 8-ஐ ஒட்டிப் போய்விட்டது. மருந்து அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான், அடிக்கடி போன் செய்து திருத்துகிற குழு மட்டும் இல்லை. இந்த இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி எதற்கு நம்பக்கூடாது என்பது. கருவிக்குத் தெரிவது மீட்டரில் வந்த எண்கள் மட்டும். தொப்புளைச் சுற்றி ஒரே இடத்தில் குத்திக் குத்தி உருண்டை கட்டிப்போன தோலில் இன்சுலின் ஒழுங்காக இறங்காது, சர்க்கரை ஏறும், கருவி அளவைக் கூட்டச் சொல்லும், ஆனால் செய்யவேண்டியது இடத்தை மாற்றுவது. (மாற்றிய அன்று அதே பெரிய அளவைப் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும், டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான் மாற்றவேண்டும்.) அப்பா இரண்டு வேளை ஊசியை விட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தாலும் அப்படித்தான். மே மாதக் கரண்ட் கட்டில் கெட்டுப்போன மருந்தையும் அது கண்டுபிடிக்காது. அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று, குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். 40 குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான். கடைக்காரர் மாற்றி 100-க்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்து, அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். எவ்வளவு புத்திசாலிக் கருவி 20 என்று சொன்னாலும் அங்கே பயனில்லை. தயவுசெய்து இன்றைக்கே அப்பாவின் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு வருடமாக இறங்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், இரண்டாவதாக வயிற்றைத் தடவி உருண்டை இருக்கிறதா என்று.

எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். வேறு ஒரு டாக்டரிடம் போகிறோம், முதல் நாளே நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்து, "அடுத்த மூன்று மாதத்தில் அளவு ஏறினால் இறங்கினால் நான் என்ன செய்யட்டும், எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்டேன். அவர் சீட்டுக்குப் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கொடுத்தார், காலை அளவு இவ்வளவுக்குக் கீழே வந்தால் ராத்திரி ஊசியில் இவ்வளவு குறை, தொடர்ந்து மூன்று நாள் இவ்வளவுக்கு மேலே இருந்தால் இவ்வளவு கூட்டு, இதைத் தாண்டினால் போன் செய் என்று. எண்களை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை, அவை என் அம்மாவுக்கானவை, உங்கள் அப்பாவுக்கு வேறாக இருக்கும், அவருடைய டாக்டரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் நானும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அந்த வாரத்துக் காலை அளவுகளைப் படிக்கிறோம், அம்மாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். போன மாதம் வயிற்றுப்போக்கு வந்து நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் நாளே அம்மா தானாகவே சொன்னார், "81 வந்திருக்கு, இன்னிக்கு ராத்திரி குறைச்சுப் போடு."