பரிமாறும் கைக்கு வழி விடுங்கள்: பண்டிகை விருந்து கேள்வி-பதில்

நவராத்திரியில் ஆரம்பித்தால் பொங்கல் முடிகிற வரைக்கும் எனக்குக் கடிதம் ஓயாது. இந்த முறை வந்ததில் பாதி இலையைப் பற்றி, கால்வாசி பூவைப் பற்றி, மீதியெல்லாம் ‘ஏதாவது ஐடியா சொல்லுங்கள்’ ரகம். அந்தக் கடைசி ரகத்துக்கு என்ன பதில் வரும் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அடுக்கக வீடு. ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள். நடுவில் பூச்சாடி வைத்து இரண்டு பக்கமும் தலைவாழை இலை போட ஆசை. பதினைந்து பேர் வருகிறார்கள். (வாசகி, சென்னை)

எண்ணிக்கையைச் சொன்னதற்கே முதலில் ஒரு நன்றி. ஆறு பேர் மேசை என்பது சுமார் 5 அடிக்கு 3 அடி இருக்கும். சாப்பாட்டு இலை நீளவாக்கில் ஒன்றரை அடி, குறுக்கே ஒரு அடி. இரு பக்கமும் போட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரே ஒரு அடி. அதில் டம்ளர்கள் நிற்க வேண்டும், தண்ணீர்ச் செம்பு நிற்க வேண்டும். பூச்சாடிக்கு இடம் எங்கே?

அது போகட்டும், பரிமாறுகிறவர் எங்கே நிற்பார்? கல்யாண மண்டபத்தில் மேசைக்கு ஒரு பக்கம் மட்டுமே ஆட்களை உட்கார வைப்பார்கள், கவனித்திருப்பீர்கள். எதிர்ப்பக்கம் வாளிக்காரர் நடப்பதற்கு. வீட்டிலோ நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, விருந்தாளியின் தோளுக்கு மேல் எட்டிச் சாம்பார் ஊற்றுகிறோம். பட்டுப்புடவையில் சாம்பார் விழுவது அப்படித்தான். பரிமாறும் கைக்கு வழி விடுங்கள். இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

மேசையில் ஒரு பக்கம் மட்டும் மூன்று பேர், முட்டிவலிக்காரர்கள். மற்றவர்களுக்கு ஹாலில் பவானி ஜமக்காளத்தை நீளவாக்கில் மடித்துப் போட்டுத் தரையில் ஐந்து பேர். முதல் பந்தியில் எட்டு, அடுத்ததில் ஏழு, முடிந்தது. ஜமக்காளம் ஆட்களுக்கு அடியில்தான், இலைக்கு அடியில் இல்லை. பூச்சாடியை வாசல் பக்கம் வையுங்கள், வருகிறவர்கள் பார்த்துக்கொண்டே வரட்டும்.

இலையின் நுனி எந்தப் பக்கம்? (வாசகர், கரூர்)

சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம். அகலமான பக்கம் வலக்கைக்கு. எதிரெதிர் வரிசை போட்டால், எதிர் வரிசையின் இலைகள் உங்களுக்குத் தலைகீழாகத் தெரிய வேண்டும். எல்லா இலையும் ஒரே பக்கம் பார்த்தால் ஒரு வரிசைக்குத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் தீபாவளி பார்ட்டி. என்ன அலங்காரம் செய்யலாம்? விரிவாகச் சொல்லவும், அவசரம். (பெயர், ஊர் இல்லை)

எத்தனை பேர்? பகலா, ராத்திரியா? தனி வீடா, அடுக்ககமா? குழந்தைகள் எத்தனை? ஒன்றுமே எழுதாமல் விரிவாகச் சொல்லச் சொல்கிறீர்கள். ஐப்பசியில் மழை வரும், மொட்டை மாடியை நம்பாதீர்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

முப்பது பேர் விருந்துக்கு முப்பது இலை வாங்கினேன். கழுவித் துடைப்பதற்குள் ஏழெட்டு கிழிந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, தஞ்சாவூர்)

கடைக்காரரை விடுங்கள், உங்கள் துணியைப் பாருங்கள். வாழை இலையில் நரம்பு நடுத்தண்டிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. துணியும் அதே வழியில் போக வேண்டும். நீங்கள் நுனியிலிருந்து அடிவரை நீளவாக்கில் இழுத்திருப்பீர்கள், அது நரம்புக்குக் குறுக்கே. கிழியாமல் என்ன செய்யும்?

முப்பது பேருக்கு முப்பத்தைந்து இலையாவது வாங்குங்கள். முந்தின நாளே வாங்கினால் கட்டைப் பிரிக்காமல் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். கேட்டு வாங்க முடிந்தால் பூவன் இலை கேளுங்கள், இலைக்கென்றே பயிர் செய்வதில் அதற்குத்தான் முதலிடம். அடிப்பக்கத் தண்டு தடிமனாக இருந்தால் இலை மேசையில் ஆடும், ரசம் மடிக்கு வரும். இலையைக் கவிழ்த்துத் தண்டின் முதுகைக் கத்தியால் லேசாகச் சீவிவிட்டால் படிந்து உட்காரும்.

நிஜ இலைதான் கிழிகிறதே! கடையில் வாழை இலை மாதிரியே அச்சடித்த பேப்பர் இலை கிடைக்கிறது, அச்சு அசல். வாங்கி அடுக்கி வைத்தால் பொங்கல் வரை வரும். அதையே போடலாமா? அடியில் மேசைக்கு பிளாஸ்டிக் விரிப்பும் போட்டால் துடைக்கிற வேலை மிச்சம்தானே? (வாசகி, கோவை)

போடாதீர்கள். இரண்டையும்தான்.

இந்தப் பேப்பர் இலை மேல் எனக்கு நாள்பட்ட கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழைமரம், குருத்தோலைத் தோரணம், உள்ளே இழைக்கோலம், காவிப் பட்டை. கண் நிறைந்துவிட்டது. பந்தியில் போய் உட்கார்ந்தால் பேப்பர் இலை. நரம்பெல்லாம் அச்சாகியிருக்கிறது, நுனிகூட உண்டு, வாசனை மட்டும் இல்லை. ஆவி பறக்க ரசம் விட்டார்கள். பிசையும்போது விரலில் மெல்லிசாக ஏதோ சுருண்டு வந்தது. தக்காளித் தோல் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பிளாஸ்டிக் படலம். நிஜ வாழைமரம் வாசலில் நிற்கிறது, அதை யாரும் சாப்பிடப் போவதில்லை. சாப்பிடுகிற இடத்தில் பொய் வாழை.

‘பேப்பர்தானே, பிளாஸ்டிக் இல்லையே’ என்பார் கடைக்காரர். ஒன்றை வாங்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள். பேப்பர் கிழிந்த பிறகும் கண்ணாடி மாதிரி ஒரு தோல் இழுபட்டு நிற்கும். சூடான குழம்பு அதன் மேல்தான் விழுகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்கும் கப்புக்கும் தடை இருக்கிறது. நீங்கள் கேட்கிற மேசை விரிப்பு பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில்தான். கடையில் தொங்குகிறது என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது.

எச்சில் இலை போகிற இடத்தையும் யோசியுங்கள். நிஜ இலையை மாடு தின்னும், குழியில் போட்டால் மக்கும். இதில் குழம்பு வாசனை ஒட்டியிருக்கும், அதனால் மாடு இதையும் தின்னும். அதன் வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் மக்குவதில்லை.

இலை கிடைக்காத ஊரிலா இருக்கிறீர்கள்? கோவையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! முகூர்த்த நாளில் இலை விலை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். அப்போது வீட்டு எவர்சில்வர் தட்டை எடுங்கள், அதன் அளவுக்கு வட்டமாக இலையை நறுக்கிப் போடுங்கள். ஒரு பெரிய இலையில் இரண்டு தட்டு தேறும், கிழிந்த இலையும் உதவும். டிபன் என்றால் மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு. அதுவும் வேண்டாமா, வெறும் எவர்சில்வர் தட்டே மரியாதையானதுதான். மேசையைத் துடைக்கிற வேலைக்கு ஒரு ஈரத்துணி போதும், ஐந்து நிமிஷம்.

சாப்பாட்டு மேசையில் மல்லிகைச் சரம் சுற்றலாமா? நடுவில் உருளியில் அரளியும் செங்காந்தளும் மிதக்க விடலாம் என்று இருக்கிறேன். (வாசகி, திண்டுக்கல்)

ஐயோ, அரளி வேண்டவே வேண்டாம். அதன் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். செங்காந்தளும் அப்படியே. சாமிக்குப் போடுகிற மாலையில் அரளி இருக்கட்டும், சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது. ஒரு இதழ் பாயசத்தில் விழுந்தால் யார் கவனிப்பார்கள்?

மல்லிகை விஷமில்லை, ஆனால் அதன் மணம் தூக்கலாக நிற்கும். நெய் வாசனையும் ரச வாசனையும் அடிபட்டுப் போகும். மல்லி வருகிறவர்கள் தலைக்கு. உருளியில் சாமந்தி, வாசனை குறைந்த ரோஜா இதழ் போடுங்கள், உருளியை வாசலில் வையுங்கள். சாம்பிராணியும் இலை போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

பத்துக்குப் பத்து ஹாலில் ஏழு படி கொலு வைத்து, பின்னால் தெர்மாகோல் கோபுரம் செய்யலாமா? தினமும் பத்துப் பேராவது சுண்டலுக்கு வருவார்கள். (வாசகி, கும்பகோணம்)

ஏழு படி வைத்தால் வருகிறவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். ஒற்றைப்படை எண் என்பதுதானே வழக்கம், மூன்றும் ஒற்றைப்படைதான். மூன்று படியில் மரப்பாச்சியும் கலசமும் நல்ல களிமண் பொம்மைகளும் நெருக்கடியில்லாமல் நின்றால் போதும். அலங்காரத் தெர்மாகோலுக்கு நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை. அது எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு பழைய பட்டுப்புடவையைப் பின்னால் கட்டுங்கள், அதைவிட அழகான கோபுரம் கிடையாது.

குத்துவிளக்கு படியில் ஏறக்கூடாது. தரையில், துணியிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி. திரியும் துணியும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பாவாடை விரித்து உட்கார்ந்து பாடுகிற குழந்தைகளுக்கும் இதே கணக்கு.

தாம்பூலத் தட்டைக் கொலுவுக்கு முன்னால் வைத்தால் வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அங்கே வையுங்கள். சுண்டலைத் தொன்னையில் கொடுங்கள், கையில் வாங்கிக்கொண்டே கிளம்புவார்கள். இங்கேயும் கைக்கு வழிதான் முக்கியம். களிமண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சாயம் கையோடு வரும்.

டைல்ஸ் தரையில் மாக்கோலம் நிற்கவில்லை. போட்டால் தெரியவே இல்லை. (வாசகி, சேலம்)

ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று மேலே மேலே இழைத்திருப்பீர்கள், அது தடித்துக் காய்ந்து பெயர்ந்திருக்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மையாக அரைத்து, பாலை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பருத்தித் துணியை அதில் நனைத்து, மோதிர விரல் வழியாக வடிய விட்டு ஒரே இழுப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது, தரையை முதலில் நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். முந்தின ராத்திரியே போட்டு ஃபேனைச் சுழல விடுங்கள். ரங்கோலிப் பொடியை டைல்ஸில் நடக்கிற வழியில் போடாதீர்கள், வழுக்கும். ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி விருந்து, இருபது பேர். மேசையில் உயரமான மெழுகுவத்தி வரிசை, குடிலில் பஞ்சால் பனி, சீரியல் லைட். வேறு என்ன சேர்க்கலாம்? (வாசகர், நாகர்கோவில்)

சேர்க்க ஒன்றும் வேண்டாம், குறைக்கத்தான் வேண்டும். மதிய வெயிலில் மெழுகுவத்தி யாருக்குத் தெரியும்? மேலே ஃபேன் சுழலும், சுடர் சாயும், மெழுகு பிரியாணியில் சொட்டும். ஃபேனை நிறுத்தினால் இருபது பேரும் வியர்த்து வழிவார்கள். மெழுகுவத்தியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதையும் மேசை விரிப்பை விட்டுத் தள்ளி. திரி, துணி என்று சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பஞ்சு பற்றிக்கொண்டால் நொடியில் போய்விடும். சீரியல் லைட் ஒயரை அதற்குள் புதைக்காதீர்கள். நாகர்கோவிலில் பனியைப் பார்த்தவர் யார்? ஆற்று மணலும் பச்சைப் பாசியும் குடிலுக்குப் போதும். மேசைக்கு ஒரு தட்டில் அச்சு முறுக்கை அடுக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கல்கல் இனிப்பு வையுங்கள், அலங்காரம் ஆயிற்று. சாப்பிட்டு முடித்தால் மேசையும் காலி.

சாப்பிட்டபின் இலையை எந்தப் பக்கம் மடிப்பது? மாமியார் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார். (வாசகி, விருதுநகர்)

எங்கள் பக்கம், நல்ல காரியத்தில் மேல்பாதியை நம் பக்கமாக மடிப்பது. துக்க வீட்டில் எதிர்ப்பக்கம். விருந்து மாமியார் வீட்டில் என்றால் மாமியார் சொல்வதுதான் சரி.

பொங்கலன்று மாடியில் மதிய விருந்து. உட்காரும் இடத்தைச் சுற்றிக் கரும்பை வளைத்துக் கட்டிப் பந்தல் போடலாமா? (வாசகர், மதுரை)

கட்டலாம், வெட்டாத முழுக் கரும்பாக இருந்தால். துண்டு போட்டால் வெட்டின முனையிலிருந்து சாறு கசியும், ஒரு மணி நேரத்தில் எறும்பு வரிசை கட்டும், அடுத்தது சர்க்கரைப் பொங்கலுக்கு வரும். வாசலில் இரண்டு கட்டு, மஞ்சள் கொத்தோடு, அது போதும். மாடியில் காற்று இலையைத் தூக்கும், அதனால் ஆள் உட்கார்ந்த பிறகு இலை, தண்ணீர் தெளித்த கையோடு உப்பு, காய். எல்லாவற்றையும் முன்கூட்டியே பரிமாறி வைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், அப்பளம் நமத்துவிடும்.