வாசகர் கேள்வி: நிலத்துக்கடியில் பூட்டி வைக்கும் மின்சாரம்

கேள்வி: காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது காற்றை அழுத்தி உப்புக் குகையில் அடைத்து வைக்கிறார்களாமே. புகையில்லாத முறைதானே இது? (கோவை வாசகர்)

பதில்: முழுக்க அப்படி இல்லை. ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978இல் இப்படியொரு நிலையம் தொடங்கியது. 650 முதல் 800 மீட்டர் ஆழத்தில் இரண்டு குகைகள், இரண்டும் சேர்ந்து சுமார் 3 லட்சம் கன மீட்டர். உள்ளே 43 முதல் 70 பார் அழுத்தம். லாரி டயரில் ஏற்றுவது சுமார் 8 பார்தான். சைக்கிள் பம்ப் அடித்தால் பம்பின் அடி சுடுகிறதல்லவா? அந்தச் சூட்டை அங்கே வெளியே விட்டுவிடுகிறார்கள். திரும்ப எடுக்கும்போது காற்று விரிந்து கடுமையாகக் குளிரும் என்பதால், இயற்கை எரிவாயுவை எரித்துச் சூடேற்றித்தான் டர்பைனுக்கு அனுப்ப முடிகிறது. 1 யூனிட் பெற 0.8 யூனிட் மின்சாரமும் 1.6 யூனிட் அளவு எரிவாயுவும் போகிறது. அமெரிக்காவின் மெக்கின்டாஷில் 1991இல் வந்த நிலையம், வெளியேறும் புகையின் சூட்டையே திருப்பிப் பயன்படுத்தி எரிவாயுவைச் சுமார் 1.2 யூனிட்டுக்குக் குறைத்தது. அழுத்தும்போது வரும் சூட்டையும் சேமித்தால்தான் எரிவாயு வேண்டாம்.

கேள்வி: குகையை எப்படிக் குடைகிறார்கள்? கரைத்த உப்பு எங்கே போகிறது? (தூத்துக்குடி வாசகி)

பதில்: மனிதர் யாரும் இறங்குவதில்லை. உப்புப் படிவம் வரை துளையிட்டு, கிணற்றுக்குச் சுவர்போல நிற்கும் கேசிங் என்ற எஃகுக் குழாய் இறக்கி, அதற்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் அடைப்பார்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணீர் இறங்கும், மற்றதில் உப்புநீர் ஏறும். கூரை கரைந்துவிடாமல் இருக்க மேலே டீசலையோ நைட்ரஜனையோ ஒரு போர்வைபோல நிறுத்துவார்கள். அவ்வப்போது சோனார் என்ற, ஒலி அனுப்பி அளக்கும் கருவியை இறக்கி வடிவம் பார்ப்பார்கள். கடைசியில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவுச் சோதனை.

உங்கள் ஊர்க் கணக்கிலேயே பாருங்கள்: கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, குகையிலிருந்து வரும் நீரில் 300 கிராம் வரை. 1 கன மீட்டர் இடம் குடைய 7, 8 கன மீட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஹுன்டார்ஃப் அளவுக்கு என்றால் 20 லட்சம் கன மீட்டருக்கும் மேல். அவ்வளவு உப்புநீரை ரசாயன ஆலை வாங்கிக்கொண்டால் நல்லது. ஆற்றில் விட்டால் ஆறு போயிற்று. கடலில் விட்டாலும் அலைவீச்சு உள்ள இடத்தில் கலந்துவிட வேண்டும். இல்லையேல் கனமான உப்புநீர் அடியில் தங்கி அங்கே வாழும் உயிர்களைக் கொல்லும்.

இன்னொன்று: உப்புப் பாறை மெல்ல மெல்ல நகரும். உள்ளே அழுத்தத்தை நெடுநாள் தாழவிட்டால் குகை சுருங்கும், மேலே நிலம் தாழும். ஹுன்டார்ஃபில் வழக்கமாக 43 பாருக்குக் கீழே விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எரிவாயு சேமித்த இடங்களில் விபத்து நடந்தது ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: பெரும்பாலும் பிசகுவது குகையல்ல, கிணறு. கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் வற்றிப்போன எண்ணெய் வயல். 1953இல் தோண்டிய கிணற்றின் கேசிங் வெளிப்புறமாக அரித்து 2015 அக்டோபரில் பிளந்தது. எரிவாயு அந்தக் கேசிங் வழியாகவே ஓடியதால், தடுக்க இரண்டாவது சுவர் இல்லை. அடைக்க ஏறக்குறைய நான்கு மாதமானது. சுமார் 1 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. கான்சஸின் ஹட்சின்சனில் 2001இல் கசிந்த வாயு நிலத்தடியில் சுமார் 11 கிலோமீட்டர் ஓடி, எல்லோரும் மறந்துவிட்ட பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாக ஊருக்குள் வந்தது. இருவர் இறந்தார்கள். ஆகவே இடம் தேர்வு செய்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது பழைய கிணறுகளின் வரைபடத்தை.

கேள்வி: ஹைட்ரஜனை அடைக்க முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். இங்கிலாந்தின் டீசைடில் 1972 முதலே உப்புக் குகைகளில் வைக்கிறார்கள். நுண்துளைப் பாறை என்றால் யோசிக்க வேண்டும். அங்குள்ள நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனும் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாக்கும்.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி ஏதும் உண்டா? (வேலூர் வாசகி)

பதில்: விசாகப்பட்டினத்தில் பாறையைக் குடைந்து 60,000 டன் சமையல் எரிவாயு வைக்கும் குகை 2007இல் வந்தது. அங்கே பூட்டு என்பது தண்ணீர்தான். குகைக்கு மேலே வரிசையாகத் துளையிட்டு நீரை நிறுத்துகிறார்கள். வெடிப்புகளில் நிற்கும் நீரின் அழுத்தம் வாயுவின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் நீர் உள்ளே கசியும், வாயு வெளியே வராது. கசிந்த நீரை இறைத்துச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கினால் இந்தப் பூட்டு தளர்ந்துவிடும். அதனால் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை விடாமல் அளக்கிறார்கள்.