வெள்ளை சிமென்ட் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: வெளிச்சுவரில் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நீளமாக விரிசல். வருஷா வருஷம் வெள்ளை சிமென்ட் அடைத்தும் மழையில் ஒழுகுகிறதே?
— வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. இறுகிப்போகும் வெள்ளை சிமென்ட் அந்த அசைவைத் தாங்காமல் ஓரத்தில் விட்டுவிடும். ஜூன் மழைக்கு முன்பே, சுவர் காய்ந்திருக்கும்போது தொடங்குங்கள். விரிசலை உளியால் 'வி' வடிவில் 5 மி.மீ. அகலம், அதே ஆழத்துக்கு வெட்டி, தூசியை பிரஷ்ஷால் முழுக்க எடுங்கள். தூசி மிஞ்சினால் எந்த ஃபில்லரும் (விரிசலை அடைக்கும் பசை) ஒட்டாது. அக்ரிலிக் கிராக் ஃபில்லரை இரண்டு மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அழுத்தி நிரப்புங்கள். ஒரேயடியாக அப்பினால் சுருங்கி நடுவில் பிளக்கும். மேலே 4 அங்குல அகல ஃபைபர் மெஷ் (இழை வலை) பட்டையை, நெகிழும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கின் ஈரமான முதல் பூச்சில் பதித்து, காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடுங்கள். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

மாடி உயரமென்றால் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) மூலம் சாரம் கட்டிச் செய்யுங்கள்.

விரிசல் தூணிலேயே ஓடி, பழுப்புக் கறை கசிந்து, தட்டினால் பொள்ளெனக் கேட்டால் அடைக்காதீர்கள். உள்ளே கம்பி துருவேறி உப்புகிறது. கடற்காற்றில் இது சகஜம். உடனே கட்டடத்தின் உறுதியைப் பார்க்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.