வாசகர் கேள்விகள்: இத்தாலியில் பிறந்தவர் இத்தாலியர் இல்லையா?

கேள்வி: பாரீஸ் ஒலிம்பிக்கில் இத்தாலிக்குக் கைப்பந்தில் தங்கம் பெற்றுத் தந்த பாவ்லா எகோனுவை அந்த நாட்டிலேயே சிலர் அந்நியராகப் பார்ப்பதாகப் படித்தேன். அவர் எப்போது அங்கே குடியேறினார்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எகோனு எங்கிருந்தும் குடியேறவில்லை. நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1998-ஆம் ஆண்டு வட இத்தாலியின் சித்தாதெல்லா நகரில் பிறந்தவர் அவர். ஆனால் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது பதினான்கு வயதில்தான். அதுவும் தந்தை இத்தாலியக் குடிமகனான பிறகு.

2023-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ரொபெர்த்தோ வன்னாச்சி என்ற ராணுவத் தளபதி, எகோனு குடியுரிமையால் இத்தாலியரே என்றாலும் அவருடைய முகச்சாயல் இத்தாலியத் தன்மையைக் காட்டவில்லை என்று எழுதினார். மறு ஆண்டே வன்னாச்சி ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 3-0 என்று வென்று, ஒலிம்பிக் கைப்பந்தில் இத்தாலி தன் முதல் தங்கத்தைப் பெற்றது. உடனே ரோம் நகரில், தேசிய ஒலிம்பிக் குழுத் தலைமையகத்தின் அருகே, எகோனு பந்தை அடிக்கத் தாவும் காட்சியை லைக்கா என்ற ஓவியர் சுவரில் தீட்டி, அதற்கு ‘இத்தாலியத் தன்மை’ என்றே பெயரிட்டார். அடுத்த ஓரிரு நாளில் யாரோ அந்த ஓவியத்தின் கறுப்புத் தோல்மீது இளஞ்சிவப்புச் சாயத்தைப் பூசிவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

கேள்வி: யாருக்குக் குடியுரிமை தருவது என்பது அந்தந்த நாட்டின் உரிமைதானே? தாமதமாகக் கிடைத்தால் பிள்ளைகளுக்கு என்ன குறை வந்துவிடும்?
– வாசகர், கோவை

பதில்: உரிமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். 1992-ஆம் ஆண்டின் 91-ஆம் எண் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த குழந்தை, பதினெட்டு வயதுவரை இடைவெளியின்றி அங்கே முறைப்படி வசித்து, அதன்பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் குடியுரிமை பெறலாம். அதே சட்டம், முப்பாட்டன் இத்தாலியிலிருந்து போனவர் என்று நிரூபிக்க முடிந்த அர்ஜென்டினாக்காரருக்கு, அவர் இத்தாலியில் கால் வைத்ததே இல்லை என்றாலும், குடியுரிமை வழங்கிவந்தது. 2025-இல்தான் அதைப் பெற்றோர், தாத்தா பாட்டி அளவில் நிறுத்தினார்கள்.

குறை என்ன என்று கேட்கிறீர்கள். வகுப்பே லண்டனுக்குச் சுற்றுலா கிளம்புகிறது என்று வையுங்கள். பக்கத்து இருக்கைத் தோழிக்குத் தேவைப்படாத விசாவுக்காகக் கானா நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சிறுமி தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அவள் பிறந்த ஊரில் தொடர்ந்து வாழ்வதற்கே வசிப்பு அனுமதி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்கக் காவல்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். தான் இந்த ஊர்க்காரிதானா என்ற சந்தேகத்தை அந்த வயதில் ஒரு பிள்ளையின் மனத்தில் விதைப்பதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சட்டத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சட்டம் திருந்துவதே எளிதாக இல்லை. பெரியவர்கள் குடியுரிமை கேட்கப் பத்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்பதை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தும், பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டிய இடத்தில் சுமார் 30 சதவீதம் பேரே வந்ததால் அது செல்லாமல் போனது.

குடியுரிமை வந்த பிறகும் மனிதர்களின் பார்வை மாறுவதற்கு நெடுநாள் ஆகிறது. கானா நாட்டுப் பெற்றோருக்குப் பலெர்மோவில் பிறந்த கால்பந்து வீரர் மரியோ பலோத்தெல்லி, 2008-இல், பதினெட்டு வயது நிறைந்ததும் குடிமகனானார். மறு ஆண்டே, கறுப்பு இத்தாலியர் என்று யாரும் கிடையாது என்று எதிரணி ரசிகர்கள் மைதானத்தில் கோஷமிட்டார்கள். இந்தத் தலைமுறையினரில் சிலர் தங்களை ஆப்பிரிக்க இத்தாலியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் இத்தாலியர் என்ற ஒரு சொல்லே போதும் என்கிறார்கள். இரு சாராரும் கேட்டுச் சலித்த பாராட்டு ஒன்று உண்டு: “இத்தாலிய மொழியை எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!”