ஒரு மருத்துவர், இரண்டு மேசைகள்

கேள்வி: அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தொழிற்சாலையைப் போல வரிசையாகக் கண்ணை அறுப்பது ஆபத்தில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தொழிற்சாலை என்ற ஒப்பீட்டுக்கு அதன் நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமி வருந்தியிருக்க மாட்டார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கிய அவர், மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் ஒழுங்கைத் தமக்கு முன்மாதிரியாக வெளிப்படையாகவே சொல்லிவந்தவர்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அங்கே மிச்சமாவது கத்தி கண்ணில் இருக்கும் நேரமன்று. ஒரு நோயாளியை இறக்கி அடுத்தவரை ஏற்றும்வரை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம். பழகிய கைக்குக் கண்புரை அறுவை பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் என்பதால், இடைவெளி நீண்டால் பாதி நாள் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் இருப்பவரைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுகிறார்கள். முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகள் பயிற்சியளித்த இளம்பெண்களே இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. பேரும் புகழும் மருத்துவர்களுக்கே போய்ச் சேர்ந்தாலும், என் கணிப்பில் வேகத்தின் இரகசியம் இவர்களிடம்தான் இருக்கிறது.

ஆபத்து என்று நீங்கள் அஞ்சுவது தொற்றையாக இருக்கலாம். அங்கு நடந்த 6 இலட்சம் கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்து செலுத்தப்படாதவர்களில் 10,000 பேருக்கு ஏறத்தாழ 7 பேருக்கு உட்கண் தொற்று ஏற்பட்டதும், செலுத்தப்பட்டவர்களில் அது 2 ஆகக் குறைந்ததும் தெரியவந்தன. முன்னதே குறைவான எண்தான். எண்ணிக்கை பெருகியதால்தான் இத்தகைய அரிய சிக்கலை அளந்து பார்க்கவும் முடிந்தது.

கேள்வி: இதே முறையைப் பொது மருத்துவமனைகளிலும் கொண்டுவரலாமே?
– வாசகி, தேனி

பதில்: முழுமையாக இயலாது. கண்புரை ஏறக்குறைய ஒரே மாதிரியான அறுவை; காய்ச்சலோ நெஞ்சுவலியோ ஆளுக்கு ஆள் வேறுபடும். எனினும் பார்வைத்திறனையும் கண் அழுத்தத்தையும் மருத்துவரிடம் செல்லும் முன்பே அளந்து சீட்டில் குறித்துவிடும் அரவிந்த் வழக்கம், மாதந்தோறும் மாத்திரை வாங்க வரும் சர்க்கரை நோயாளிகளின் வரிசைக்கு அப்படியே பொருந்தும்.