வயிற்றுப் புண் கிருமி: எந்தப் பரிசோதனை, எப்போது?

மூன்று வருஷம் முன்னால் ஹெச். பைலோரி கிருமிக்குக் கோர்ஸ் முடித்தேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்கிறார்கள். திரும்பவும் மாத்திரையா? (மன்னார்குடி)

அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி வேண்டாம். ரத்தத்தில் தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அது வருஷக்கணக்கில் இருக்கும். கோர்ஸ் முடிந்து நான்கு வாரம் கழித்தே மூச்சுப் பரிசோதனையோ மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையோ செய்திருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போது செய்யுங்கள்.

மலப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் பான்டோபிரசோலை (அமிலம் குறைக்கும் மாத்திரை) நிறுத்தச் சொல்கிறார் டாக்டர். நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. மாத்திரையோடே செய்தால் என்ன? (கும்பகோணம்)

கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடும், அதுதான் பயம். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் கிருமியை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் பரிசோதனையில் சிக்காது. நம் பக்கம் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கி, பெயர்கூடத் தெரியாமல் மாதக்கணக்கில் போடுகிறவர்கள் நிறைய. அந்த அட்டையை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆன்டிபயாட்டிக்கோ, பிஸ்மத் என்ற வயிற்றுப் புண் மருந்தோ சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். இடையில் எரிச்சலுக்கு அன்டாசிட் சிரப் குடிக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் மூட்டுவலி மாத்திரையோ, இதயத்துக்கு ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர்கள் பான்டோபிரசோலைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. புண்ணில் ரத்தம் கசிந்துவிடும்.

மூச்சுப் பரிசோதனையில் கதிர்வீச்சு உண்டா? (திருத்துறைப்பூண்டி)

கார்பன்-13 முறையில் கிடையாது. கார்பன்-14 முறையில் மிகக் கொஞ்சம் உண்டு, அதனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன்-13 முறைதான். எந்த முறை என்று லேபில் முன்கூட்டியே கேளுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. இரண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குப் பயப்படுகிறார். மலப் பரிசோதனை போதுமா? (திருவாரூர்)

போதாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இன்றே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான், ஆனால் இந்த வயதில் அப்படி நினைத்துக் காத்திருக்க முடியாது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்துத்தான் குழாயை விடுவார்கள். ரத்தக் கசிவு இருந்தால் அப்போதே நிறுத்தலாம். கூடவே இரைப்பையிலிருந்து சின்னத் துணுக்குகள் எடுப்பார்கள். அதில் ஒன்றை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தால், கிருமியின் யூரியேஸ் நொதியால் ஜெல் இளஞ்சிவப்பாகும். இன்னொன்று மைக்ரோஸ்கோப்புக்குப் போகும், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யவும் அதுதான் வழி. ரத்தம் கசியும் நேரத்தில் ஜெல் சோதனை கிருமியைத் தவறவிடுவதுண்டு. ‘இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல், புண் ஆறிய பிறகு மூச்சுப் பரிசோதனையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.