இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையா, அனுமதியா?

அனுமதிதான். அமெரிக்காவில் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தமே ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாகச் சொல்கிறது. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, பயிரை அழிக்கும் விலங்கு, விளையாட்டு என்று காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை தரும்.

ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிட்டால் எளிதில் புரியும். அங்கே வண்டி எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, ஓட்டிக் காட்டினால் போதும். இங்கே முதல் கேள்வியே "எதற்கு?" என்பதுதான். ஒருவர் கையிலுள்ள துப்பாக்கி பக்கத்து வீட்டாரின் உயிரையும் தொடுவதால், இந்தக் கேள்வி நியாயம் என்றே நினைக்கிறேன்.

உரிமம் கிடைத்தாலும் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதுவரை அதில் எழுதியிருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கிகள். தேர்தல் வந்தால் பலரும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் வாழும் கொடவர் சமூகத்தினருக்கு வழிவழியாக உரிம விலக்கு உண்டு. கயில்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வழிபடுவார்கள்.

உரிமம் இருந்தால் வீட்டுக்குள் நுழைபவரைச் சுட்டுவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டினால் உரிமம் உள்ளவர் மீதும் வழக்கு வரும்.